நேற்றிரவு ஏற்றிய சார்ஜ் எங்கே போனது?

கேமரா கேள்வி - பதில்

இந்த மாதக் கடிதக் கட்டைப் பிரித்தால், பாதிக்கு மேல் ஒரே புகார்: "பேட்டரி நிற்கவே மாட்டேங்குது." எல்லாமே நம் ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவை. முப்பது வருடமாக இதே ஊரில் கேமரா பழுது பார்க்கிறேன். அதனால் இந்த முறை வேறு கேள்விகளை ஒதுக்கிவிட்டு, பேட்டரிக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அண்ணே, நானும் எங்க காக்காவும் (அண்ணன்) கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறோம். மதுரையில் ஒரு பழைய டிஎஸ்எல்ஆர் வாங்கினோம். ராத்திரி முழு சார்ஜ் ஏற்றி, கேமராவில் போட்டு, ஆஃப் பண்ணிப் பையில் வைக்கிறேன். காலையில் நிக்காஹ் வீட்டில் ஆன் பண்ணினால் பாதிதான் இருக்கிறது. புது பேட்டரி வாங்கிப் போட்டும் அதே கதை. இன்னும் நல்லதாக ஒன்று வாங்கட்டுமா?
— ஒரு வாசகர், கீழக்கரை

வாங்க வேண்டாம் தம்பி. முதலில் திருடன் யார் என்று பார்ப்போம். பேட்டரியா, கேமராவா?

லித்தியம் அயான் பேட்டரி தனியாகக் கிடந்தால் மாதத்துக்குச் சில சதவீதம்தான் இறங்கும். ஒரே ராத்திரியில் பாதி போகிறது என்றால், ஒன்று பேட்டரி கெட்டிருக்க வேண்டும், இல்லை ஏதோ ஒன்று ராத்திரி முழுக்க அதை உறிஞ்ச வேண்டும். இரண்டில் எது என்பதை இரண்டே ராத்திரியில் கண்டுபிடிக்கலாம், காசு செலவில்லை.

இரண்டு பேட்டரியிலும் 1, 2 என்று பேனாவால் எழுதுங்கள். இரண்டையும் முழுசாக சார்ஜ் ஏற்றுங்கள். 1-ஐக் கேமராவில் போட்டு ஆஃப் செய்யுங்கள். 2-ஐ மூடி மாட்டி மேசையில் வையுங்கள். காலையில் இரண்டின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் ராத்திரி இடம் மாற்றுங்கள்: 2 கேமராவுக்குள், 1 மேசையில். இரண்டு நாளும் ஒரே பேட்டரிதான் இறங்கியது என்றால் அந்த பேட்டரி போச்சு. எது உள்ளே இருந்ததோ அது இறங்கியது என்றால் கேமராவில்தான் கோளாறு. புது பேட்டரி போட்டும் இறங்கியது என்கிறீர்கள். அதனால் கேமராவைத்தான் எனக்குச் சந்தேகம்.

அப்படியென்றால் மெனுவுக்குள் போய் ஜிபிஎஸ், வைஃபை, ப்ளூடூத் மூன்றையும் அணையுங்கள். ஜிபிஎஸ் உள்ள சில மாடல்களில் சுவிட்சை ஆஃப் செய்தாலும் ஜிபிஎஸ் தூங்காது. வானத்து சாட்டிலைட்டைத் தேடிக்கொண்டே இருக்கும், பூட்டிய அலமாரிக்குள்ளிருந்தும் தேடும். பழைய கேமரா வாங்குகிறவர்கள் முந்தைய சொந்தக்காரர் எதை ஆன் செய்து வைத்திருந்தார் என்று பார்ப்பதே இல்லை. வாங்கிய அன்றே எல்லா அமைப்பையும் ரீசெட் செய்துவிட வேண்டும்.

இதை நான் பாடம் படித்துத்தான் சொல்கிறேன். பல வருடத்துக்கு முன்னால் ஏர்வாடிப் பக்கம் கல்யாணப் படம் எடுக்கும் ஒருவர் இதே புகாரோடு வந்தார். சோதிக்காமலே ஒரு பேட்டரி கொடுத்தேன். பத்து நாளில் திரும்ப வந்தார். இன்னொன்று கொடுத்தேன். மூன்றாம் முறை அவர் கேமராவைக் கல்லாப் பெட்டி மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். அப்போதுதான் கவனித்தேன்: சுவிட்ச் ஆஃபில் இருக்கிறது, மேல் திரையில் ஜிபிஎஸ் அடையாளம் மின்னிக்கொண்டிருக்கிறது. இரண்டு பேட்டரிக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் நடுவில் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் அவர் கேமரா அணைந்திருக்கிறது. அதை நான் எப்படித் திருப்பிக் கொடுப்பது? அன்றிலிருந்து இந்த இரண்டு ராத்திரி சோதனை இல்லாமல் யாருக்கும் பேட்டரி விற்பதில்லை.

மூன்றையும் அணைத்த பிறகும் இறங்கினால், லென்ஸைக் கழற்றி ஒரு ராத்திரி, கார்டை எடுத்துவிட்டு ஒரு ராத்திரி பாருங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் போர்டில் மின்கசிவு. கடைக்குத்தான் வர வேண்டும். அதுவரை ராத்திரியில் பேட்டரியை வெளியே எடுத்து வைத்தால் நிக்காஹ் நேரத்தில் கை கொடுக்கும்.

நவபாஷாணக் கோயிலுக்கு வரும் பேரப்பிள்ளைகளை எடுக்க ஒரு சின்ன கேமரா வைத்திருக்கிறேன். பென்சில் பேட்டரி நான்கு போடும் மாடல். புது பேட்டரி போட்டு இருபது படம்கூட எடுக்க முடியவில்லை. கேமரா கெட்டுவிட்டதா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தேவிபட்டினம்

இல்லை ஐயா, நீங்கள் போடுவது சுவர்க் கடிகாரத்துக்கான பேட்டரியாக இருக்கும். கடிகாரம் சொட்டுச் சொட்டாகக் கேட்கும். கேமரா, அதிலும் ஃப்ளாஷ், குடம் குடமாகக் கேட்கும். 2000 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவு) அளவில், திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி நான்கும் ஒரு சார்ஜரும் வாங்குங்கள். அவை 1.5 வோல்ட் இல்லை, 1.2 வோல்ட்தான். மெனுவில் பேட்டரி வகை என்று இருந்தால் அதை மாற்றி வையுங்கள், இல்லாவிட்டால் கேமரா சீக்கிரமே 'தீர்ந்தது' என்று சொல்லிவிடும். பழையதையும் புதியதையும் கலந்து போடாதீர்கள்.

கல்லூரியில் இதழியல் படிக்கிறேன். எங்கள் அம்மாவும் சின்னம்மாக்களும் கடல்பாசி எடுக்கப் போகிறவர்கள். அவர்களைப் படம் எடுத்து வருகிறேன். கடன் வாங்கி ஒரு கேனான் எம்50 மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) வாங்கினேன். விடியலில் கரையில் ஆரம்பித்தால், அவர்கள் பாசி மூட்டையோடு திரும்பும் நேரத்துக்கு பேட்டரி காலி. தோழியின் கேனான் 1500டி டிஎஸ்எல்ஆர் நாள் முழுக்க ஓடுகிறது. ஏமாந்துவிட்டேனா?
— ஒரு மாணவி, பாம்பன்

ஏமாறவில்லை தங்கச்சி. தோழியின் 1500டி-க்குப் போடும் பேட்டரி 860 எம்ஏஎச். உன் எம்50-க்குப் போடுவது 875 எம்ஏஎச். கிட்டத்தட்ட ஒரே அளவு எண்ணெய்தான். ஆனால் நிறுவனக் கணக்கே அதற்கு வியூஃபைண்டரில் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) பார்த்து எடுத்தால் சுமார் 500 படம், உன்னுடையதற்குச் சுமார் 235 படம் என்றுதான் சொல்கிறது. தோழி பார்ப்பது கண்ணாடி வழியாக வரும் வெளிச்சம், அதற்கு மின்சாரம் வேண்டாம். நீ பார்ப்பது ஒரு குட்டி டிவி. நீ படம் எடுக்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாலும் படம் பதியும் சென்சாரும் திரையும் எரிந்துகொண்டிருக்கும். தோழியும் பின்திரையைப் பார்த்தே எடுத்தால் அவளுடையதும் 240 அளவுக்கு வந்துவிடும்.

இன்னொன்றைக் கவனி. கேமராவைக் கழுத்தில் மாட்டி நெஞ்சோடு தொங்கவிடுகிறாய் அல்லவா? வியூஃபைண்டர் பக்கத்தில் கண்ணை உணரும் சென்சார் ஒன்று உண்டு. உன் தாவணியையோ சட்டையையோ கண் என்று நினைத்துக்கொள்ளும். நீ நடக்க நடக்க வியூஃபைண்டர் எரிந்து அணைந்து எரியும். தோளில் மாட்டி, பின்பக்கத்தை வெளியே பார்க்கத் திருப்பிவிடு. தானாக அணையும் நேரத்தை முப்பது விநாடிக்குக் குறை. மின்சாரம் மிச்சம் பிடிக்கும் ஈகோ மோடு இருக்கிறது, அதைப் போடு. போனுக்குப் படம் அனுப்பும் ப்ளூடூத்தை வீட்டுக்குப் போய் ஆன் செய்துகொள்.

இத்தனை செய்தும் உனக்கு இரண்டாவது பேட்டரி ஒன்று வேண்டும். கீழக்கரைத் தம்பியை வாங்க வேண்டாம் என்றவன் உன்னை வாங்கச் சொல்கிறேன், ஏனென்றால் இது கோளாறு இல்லை, அந்தக் கேமராவின் தேவை. விரலில் துணி சுற்றிக்கொண்டு மூச்சடக்கி மூழ்கும் பெண்கள் கரையேறும் நேரம் இரண்டாவது முறை வராது. அந்தப் படங்களை முடித்ததும் எனக்கு அனுப்பு, பார்க்க ஆசையாக இருக்கிறது.

தனுஷ்கோடியில் சுற்றுலா வருகிறவர்களைப் படமெடுத்துக் கொடுக்கிறேன். 60 சதவீதம் காட்டும்போதே கேமரா பட்டென்று அணைகிறது. பேட்டரியைக் கழற்றி சார்ஜரில் போட்டால் கொஞ்ச நேரத்தில் 'முழுசு' என்கிறது. ஒரு வருடத்தில் மூன்று பேட்டரி மாற்றிவிட்டேன்.
— ஒரு வாசகர், ராமேஸ்வரம்

அண்ணே, அந்த மூன்றையும் தூக்கி எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். மூன்றும் நல்ல பேட்டரியாகவே இருக்கலாம். நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது: சார்ஜர் முழுசு என்கிறது, கேமரா காலி என்கிறது. பொருள் உள்ளே இருக்கிறது, வழியில்தான் அடைப்பு.

நீங்கள் நிற்கிற இடம் அப்படி. ஒரு பக்கம் ஆண் கடல், ஒரு பக்கம் பெண் கடல், நடுவில் ஒரு கீற்று மணல். கச்சான் காற்று அடித்தாலும் வாடைக் காற்று அடித்தாலும் உப்பு உங்கள் மேல்தான். உப்புத்தூள் பேட்டரியின் தகட்டில் படியும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துக் கரையும். நம் கரையில் பல ராத்திரிகள் அப்படித்தான். கரைந்த உப்பு உலோகத்தை அரிக்கும், பச்சை பூக்கும். கேமரா சும்மா இருக்கும்போது தெரியாது. ஷட்டரை அழுத்தி, லென்ஸ் மோட்டார் ஓடி, கார்டில் எழுதும் நேரத்தில் மின்சாரம் அதிகமாக வேண்டும். அழுக்குத் தகடு வழியாக அவ்வளவு வர முடியாமல் வோல்டேஜ் சரியும். கேமரா பேட்டரி தீர்ந்ததாக நினைத்து அணைந்துவிடும்.

மொபைல் சர்வீஸ் கடையில் ஐபிஏ என்று கேளுங்கள், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், கொடுப்பார்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியில் லேசாக நனைத்து பேட்டரியின் தகடுகளைத் துடையுங்கள். பஞ்சு கறுத்து வரும், கறுப்பு வராத வரைக்கும் குச்சியை மாற்றி மாற்றித் துடையுங்கள். பிறகு கேமராவுக்குள் பேட்டரியைத் தொடும் உலோகக் கால்கள், சார்ஜரின் கால்கள், லென்ஸின் பின்னால் இருக்கும் பொன்னிறப் புள்ளிகள். லென்ஸ் புள்ளி அழுக்காக இருந்தால் ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்து அதுவே பேட்டரியைத் தின்னும். பத்து நிமிடம் காயவிட்டுப் போடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், மேல்பூச்சு போனால் அடுத்த மாதமே இரட்டிப்பாக அரிக்கும். கை கழுவும் சானிடைசரும் வேண்டாம், அதில் உள்ள பிசுபிசுப்பு அப்படியே தங்கிவிடும்.

கடலோரத்தில் தொழில் செய்கிறவர்கள் வாரம் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். பேட்டரியோடு வந்த பிளாஸ்டிக் மூடியைத் தொலைத்திருப்பீர்கள், எல்லோரும் தொலைப்பதுதான். ஜிப் வைத்த சின்ன பிளாஸ்டிக் பை ஒன்றில் ஒரு பேட்டரி என்று போட்டுவையுங்கள்.

வெயிலும் உண்டு. அரிச்சல்முனை போகும் வேனின் முன்கண்ணாடிக்குக் கீழே உபரி பேட்டரியை வைப்பதை நானே பார்த்திருக்கிறேன். முழு சார்ஜ் ஏறிய லித்தியம் பேட்டரிக்கு வெப்பத்தைப் போல எதிரி வேறில்லை. அங்கே ஒரு சீசன் கிடந்தால் அதன் கொள்ளளவு குறையும், குறைந்தது திரும்பாது. சூடாக வந்த பேட்டரியை உடனே சார்ஜில் போடவும் கூடாது, நிழலில் ஆறவிட்டுப் போடுங்கள். கூட்டம் இல்லாத மாதங்களில் பாதி சார்ஜில் எடுத்து வீட்டுக்குள் குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

துடைத்த பிறகும் அணைந்தால் பேட்டரியின் வயதைப் பாருங்கள். கேனானின் பல மாடல்களில் பேட்டரித் தகவல் பக்கத்தில் மூன்று பச்சைக் கட்டம் நல்ல நிலை, ஒரே சிவப்புக் கட்டம் என்றால் மாற்ற வேண்டியது. நிக்கானில் 0 முதல் 4 வரை வயது காட்டுவார்கள், 4 என்றால் ஆயுள் முடிந்தது.

பேட்டரி உப்பிப்போய் கேமராவுக்குள் மாட்டிக்கொண்டது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பலாமா?
— ஒரு வாசகர், வாலிநோக்கம்

நெம்பவே கூடாது. உள்ளே வாயு சேர்ந்துதான் உப்பியிருக்கிறது. உறை கிழிந்தால் தீப்பிடிக்கலாம், எளிதில் அடங்கும் தீ இல்லை அது. சார்ஜரில் போடாதீர்கள், ஆன் செய்யாதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் துணி, பேப்பர், மெத்தை இல்லாத இடத்தில் வையுங்கள். குப்பையிலோ கடலிலோ போட்டுவிடாதீர்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று அப்புறப்படுத்தும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு. கேமராவின் பேட்டரி மூடியைத் திறந்தபடியே விட்டு, காய்ந்த மணல் போட்ட தகர டப்பாவில் வைத்துக் கடைக்கு எடுத்து வாருங்கள். பக்கத்துத் தகட்டைத் தளர்த்தித்தான் எடுக்க வேண்டியிருக்கும், அரை நாள் ஆகும். காலையிலேயே வந்துவிடுங்கள்.