மீன் கருகுது, ரொட்டி உடையுது: உப்புவெளித் தம்பிக்கு ஒரு பதில்

திருகோணமலை உப்புவெளியில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பழைய பரல் ஒன்றை வெல்டிங் கடையில் பாதியாக வெட்டி அடுப்பாக்கி, மேலே கம்பிவலை போட்டு, இரண்டு ஞாயிற்றுக்கிழமை விளைமீன் சுட்டுப் பார்த்தாராம். தோல் கரி, முள்ளோரம் பச்சை, திருப்பப் போனால் பாதி மீன் வலையோடு நின்றுவிடுகிறது. கூடச் சாப்பிட மெக்சிக்கோ ரொட்டியான டோர்ட்டியா செய்யலாம் என்று கடைச் சோளமாவை, அதாவது மக்காச்சோள மாவை, வாங்கிப் பிசைந்தால் தட்டும்போதே ஓரம் வெடித்து, கல்லில் போட்டதும் துண்டுதுண்டாகிறது. ஆகஸ்டில் கனடாவில் இருந்து அண்ணன் குடும்பம் வருகிறது, மொத்தம் 12 பேர். "அக்கா, எங்கே பிழை விடுகிறேன்?" என்று கேட்கிறார்.

தம்பி, முதலில் அந்த வலையைப் பாருங்கள். கோழிக்கூட்டுக்கு அடிக்கிற, நாகம் (சிங்க்) பூசிய வெள்ளை வலை என்றால் இன்றைக்கே கழற்றுங்கள். கரிச்சூட்டில் அந்தப் பூச்சு உருகிப் புகையாகும், அது மூச்சுக்கும் சாப்பாட்டுக்கும் கூடாது. பூச்சில்லாத இரும்புக் கம்பியை வெல்டிங் கடையிலேயே ஒரு விரல் இடைவெளியில் வைத்து ஒட்டித் தரச் சொல்லலாம், எவர்சில்வர் என்றால் இன்னும் நல்லது. பரலுக்குள் முன்பு என்ன இருந்தது என்பதையும் விசாரியுங்கள். எண்ணெய்ப் பரல் என்றால் வெறுமனே இரண்டு மூன்று தரம் நன்றாக எரித்துத் தேய்த்த பிறகுதான் சமையல், இரசாயனம் இருந்தது என்றால் அதை மறந்துவிடுங்கள்.

சரி, நெருப்புக்கு வருவோம். ஆகஸ்டில் நம்மூரில் கச்சான் காற்று அடிக்கும் அடி உங்களுக்குத் தெரியும். காற்று அடிக்க அடிக்கக் கரி உலைக்களம் மாதிரிச் சிவந்து எரியும், அதன் நேர் மேலே முழு மீனைக் கிடத்தினால் தோல் இரண்டு நிமிடத்தில் கருகும், ஆனால் சூடு முள்வரை இறங்க அதற்கு அவகாசம் வேண்டுமே. அதனால் காற்று வரும் பக்கம் ஒரு தகரத்தைச் சாத்துங்கள், கரியைப் பரல் முழுக்கப் பரப்பாமல் ஒரு பக்கமாக ஒதுக்குங்கள், மற்றப் பாதி வெறுமையாக இருக்கட்டும். கரிப்பக்கம் மீனின் தோலை முறுகவைக்க, வெறும்பக்கம் உள்ளே வேகவைக்க. என்னைக் கேட்டால் வெளியில் வைத்துச் சுடுகிற சமையலில் பாதி வித்தை இது ஒன்றுதான், மற்றதெல்லாம் மசாலாக் கதை.

கரி என்றால் சிரட்டைக்கரி. பச்சைச் சிரட்டையை அப்படியே எரித்தால் புகைதான் மிஞ்சும், கரியாக வாங்குங்கள் அல்லது முந்திய நாளே எரித்து மூடி அணைத்து வையுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தாதீர்கள், அந்த வாடை மீனை விட்டுப் போகாது. கொஞ்சம் தென்னம்பாளையும் பொச்சும் போதும். கரியின் மேல் சாம்பல் வெள்ளையாகப் படிந்த பிறகு, கம்பிக்கு மேலே நான்கு விரல் உயரத்தில் கையைப் பிடித்துப் பாருங்கள். இரண்டு மூன்று விநாடியில் கையை இழுத்தால் கணவாய்க்கும் இறாலுக்கும் ஏற்ற சூடு, ஐந்தாறு விநாடி தாங்கினால் மீனுக்கு ஏற்றது. அப்புறம், காற்றுக்குப் பயந்து அடுப்பைக் கராஜுக்குள்ளோ குசினிக்குள்ளோ இழுத்துப் போகாதீர்கள், கரி விடுகிற விஷவாயுவுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை.

மீன் ஒட்டுவதற்குக் காரணம் மூன்று: கம்பி சூடாகவில்லை, மீன் ஈரமாக இருக்கிறது, நீங்கள் அவசரப்பட்டுத் திருப்புகிறீர்கள். வெறும் கம்பியைப் பத்து நிமிடம் காயவிட்டு, துடைத்து, பாதி வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்துக் கம்பியில் தேயுங்கள். மீனைத் துணியால் ஒற்றி எடுத்து, இரண்டு பக்கமும் முள்வரை சரிவாகக் கீறி, எண்ணெய் பூசிப் போடுங்கள். போட்டபின் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். தோல் முறுகினால் அது தானே கம்பியை விடும், விடவில்லை என்றால் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். ஒரு அங்குலத் தடிப்புக்குப் பத்து நிமிடம் என்று ஒரு கணக்கு உண்டு, அதற்குக் கனடாக் கணக்கு என்றே பெயர், அண்ணன் கேட்டால் சந்தோஷப்படுவார். மிக மெல்லிய மீன், ஒட்டி மாதிரி, என்றால் வாழையிலையில் பொதிந்து சுடுங்கள், பிரச்சினையே இல்லை.

மசாலாவில் தேசிப்புளியை அளவாகப் பாவியுங்கள். புளியில் ஊறிய மீன் நெருப்பே இல்லாமல் வெந்ததுபோல வெளுத்து மாவாகிவிடும், அரை மணிக்கு மேல் வேண்டாம். உப்பு, மஞ்சள், மிளகு, உள்ளி, இஞ்சி முதலில். தக்காளி சோஸ், தேன், சீனி எல்லாம் கடைசி இரண்டு நிமிடத்தில் பூச வேண்டியவை, முதலிலேயே பூசியதுதான் பல வீடுகளில் கரியாகிறது.

இனி நான் விட்ட பிழை ஒன்று. காலையில் வாங்கிய சூரையை மசாலா பூசி, குளிர்சாதனப் பெட்டியில் இடமில்லை என்று குசினி மேசையிலேயே மத்தியானம் தாண்டும்வரை வைத்திருந்தேன். இரவு சுட்டுச் சாப்பிட்ட மூன்று பேருக்கு முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பெல்லாம் கடி. மீன் அலர்ஜி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சூரை, அறக்குளா, கும்பளா போன்ற மீன்கள் வெக்கையில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற, அலர்ஜி மாதிரியே உடம்பைப் படுத்துகிற பொருள் உண்டாகும், பிறகு எவ்வளவு சுட்டாலும் அது அழியாது, மீன் நாறவும் தேவையில்லை. ஆகவே ஐஸ் இல்லாமல் மீன் வாங்கப் போகாதீர்கள், மசாலா பூசியதும் பெட்டிக்குள் வையுங்கள். விளைமீனும் கலவாயும் இவற்றைவிட இந்த விஷயத்தில் பயம் குறைந்தவை.

டோர்ட்டியாவுக்கு வருகிறேன். உங்கள் கைப்பழக்கத்தில் குறையில்லை தம்பி, மா வேறு. மெக்சிக்கோவில் சோளத்தை அப்படியே அரைப்பதில்லை. காய்ந்த சோளத்தைச் சுண்ணாம்பு கரைத்த தண்ணீரில் அவித்து, இரவு முழுக்க ஊறவிட்டு, கழுவித்தான் அரைக்கிறார்கள். சுண்ணாம்பு தோலைக் கழற்றுவதோடு மாவுக்கு ஒரு பிடிப்பையும் கொடுக்கிறது. கோதுமையில் இருக்கிற பசைத்தன்மை சோளத்தில் கிடையாது, அந்தக் குறையை இதுதான் ஈடுகட்டுகிறது. சோளத்தில் சிக்கிக் கிடக்கும் நியாசின் என்ற விற்றமினும் இதனால்தான் உடம்புக்குக் கிடைக்கிறது. சோளத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனவர்கள் இந்தச் சுண்ணாம்பு வேலையைக் கொண்டுபோகவில்லை, சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குப் பெலக்ரா என்ற நோய் வந்தது. நம்ம வெற்றிலைத்தட்டில் கிடக்கிற சாமான் இவ்வளவு செய்கிறது!

செய்து பார்க்க ஆசை என்றால், அரைக் கிலோ காய்ந்த சோளம், ஒன்றரை லீற்றர் தண்ணீர், வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு தேக்கரண்டி குவித்து. நிறமோ வாசனையோ சேர்க்காத வெள்ளைச் சுண்ணாம்பு மட்டும்; சுவருக்கு அடிக்கிறது வேண்டவே வேண்டாம். விதைக்கென்று மருந்து பூசி விற்கும் சோளமும் கூடாது, பூஞ்சணம் பிடித்த கோழித்தீனிச் சோளமும் கூடாது. அலுமினியப் பானையைச் சுண்ணாம்பு அரிக்கும், எவர்சில்வர் எடுங்கள். மெல்லிய கொதியில் அரை மணி, தோல் விரலுக்கு வழுக்கினால் இறக்கி மூடுங்கள். காலையில் மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி, தோசைக்கு அரைக்கிற கிரைண்டரில் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அரையுங்கள். மிக்சியில் தண்ணீர் கூடிவிடும், கூடினால் கொஞ்சம் சோளமா தூவிச் சமாளிக்கலாம். பிசைந்த மா களிமண் போலக் கையில் ஒட்டாமல் இருக்க வேண்டும், உருண்டையை அமத்தினால் ஓரம் வெடிக்கக் கூடாது. தேசிக்காய் அளவு உருண்டை, இரண்டு பொலித்தீன் தாளுக்கு நடுவே வைத்து ஒரு கனமான தட்டால் அமத்தி, நன்றாகக் காய்ந்த கல்லில் அரை நிமிடம், திருப்பி ஒரு நிமிடம், மறுபடி திருப்பினால் உப்பும். சுட்டதெல்லாம் ஒரு துணிக்குள் பத்து நிமிடம் பொதிந்து கிடக்கட்டும், அப்போதுதான் மடியும்.

கடைச் சோளமாவைத்தான் முடிக்க வேண்டும் என்றால், இடியப்பத்துக்கு விடுவதுபோலக் கொதித்த தண்ணீர் விட்டு, மூன்றில் ஒரு பங்கு கோதுமை மா சேருங்கள். நன்றாக இருக்கும், ஆனால் அந்த மணம் வராது. கஸ்டர்டுக்குக் கரைக்கிற வெள்ளைக் கோர்ன்ப்ளவர் மாச்சத்து மட்டும், அதில் ஒன்றும் ஆகாது.

ஆனால் 12 பேர் வாசலில் நிற்கிற அன்றைக்கு முதல் தடவையாகச் சுண்ணாம்பும் சோளமும் என்று இறங்காதீர்கள். வட மெக்சிக்கோக்காரர் கோதுமையில்தான் டோர்ட்டியா சுடுகிறார்கள், அது நம்ம ரொட்டிக்குத் தேங்காய்ப்பூப் போடாத தங்கச்சி. ஒரு கிலோ கோதுமை மாவில் உப்பும் 150 கிராம் மாஜரீனும் தேய்த்து, அரை லீற்றருக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுடுதண்ணீர் விட்டுப் பிசைந்து, அரை மணி மூடி வைத்து, மெல்லிசாக உருட்டிச் சுட்டால் 36 அளவில் வரும், ஆளுக்கு மூன்று நிச்சயம். மீன் மூன்றரைக் கிலோ, கணவாய் ஒரு கிலோ. கிண்ணியாப் பக்கத்து எருமைத்தயிரில் பச்சைமிளகாயும் மல்லியிலையும் வெட்டிப்போட்டுத் தேசிக்காய் பிழிந்து வையுங்கள், சின்ன வெங்காயமும் மாங்காயும் கொத்தி இன்னொரு கோப்பையில். கணவாயைக் கடைசியாகப் போடுங்கள், கரிக்கு நேர் மேலே, பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம், அதற்குமேல் போனால் செருப்புத்தோல்தான்.