377ஆம் பிரிவு முதல் குடியாத்தம் வழக்கு வரை: தன்பாலீர்ப்பாளர் உரிமைப் போராட்டம் பற்றிச் சில கேள்விகள்

வேலூரில் வழக்கறிஞராக இருக்கிறேன். ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள் தங்கள் உரிமைக்காக நடத்திய போராட்டத்தின் வரலாறு பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். பழைய வடாற்காடு முழுவதிலிருந்தும் கேள்விகள் வந்தன. பலர் பெயர் போட வேண்டாம் என்றார்கள். அதனால் எல்லோருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

ஆரணி: மேடம், இதெல்லாம் வெள்ளைக்காரன் நாட்டிலிருந்து வந்த பழக்கம்தானே?

அங்கிருந்து வந்தது சட்டம். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி காலத்தில், 1533இல், இதற்கு மரண தண்டனை விதித்துச் சட்டம் போட்டார்கள். அந்த மனநிலையோடு எழுதப்பட்டதுதான் இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு. 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 'இயற்கைக்கு மாறான' உறவு என்று சொல்லி ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம் என்றது. மலேசியா, சிங்கப்பூர், பர்மா என்று ஆங்கிலேயர் ஆண்ட பல இடங்களுக்கும் அதே பிரிவு போனது. இங்கிலாந்தும் வேல்ஸும் 1967இலேயே, 21 வயது நிரம்பிய இரு ஆண்கள் சம்மதத்தோடு தனியிடத்தில் இருந்தால் குற்றமில்லை என்று மாற்றிக்கொண்டன. நாம் 2018 வரை அதைச் சுமந்தோம்.

காட்பாடி, கல்லூரி மாணவர்: இந்தப் போராட்டம் அமெரிக்காவில்தான் தொடங்கியதா?

இல்லை தம்பி, ஜெர்மனியில். பெர்லினில் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற மருத்துவர் 1897இல் சிலரோடு சேர்ந்து ஒரு குழு அமைத்தார். ஆண்களுக்கிடையிலான உறவைத் தண்டித்த 175ஆவது பிரிவை நீக்க வேண்டும் என்று கையெழுத்து வாங்கி நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். பிறகு அவர் ஒரு ஆய்வு நிறுவனமும் தொடங்கினார். 1933 மே மாதம் நாஜிகள் அதைச் சூறையாடி, நூலகத்துப் புத்தகங்களைத் தெருவில் போட்டு எரித்தார்கள். 175ஆவது பிரிவில் பிடிபட்டு வதைமுகாமுக்குப் போனவர்களின் சட்டையில் இளஞ்சிவப்பு முக்கோணம் தைக்கப்பட்டது. எனக்கு மனம் ஆறாத இடம் இதற்கு அப்புறம் வருவது. போர் முடிந்து முகாம்கள் திறந்த பிறகும் அந்தப் பிரிவு போகவில்லை. மேற்கு ஜெர்மனி நாஜிகள் கடுமையாக்கிய வடிவத்தையே 1969 வரை வைத்திருந்தது. முகாமிலிருந்து உயிரோடு வந்தவர்களில் சிலர் மறுபடி சிறைக்குப் போனார்கள். முழுதாக நீக்கியது 1994இல்.

நீங்கள் கேட்ட அமெரிக்கக் கதை ஸ்டோன்வால். நியூயார்க்கில் அந்தப் பெயர் கொண்ட மதுக்கடையில் 1969 ஜூன் 28 அதிகாலை போலீஸ் சோதனைக்கு நுழைந்தது. வழக்கமாகக் கலைந்து ஓடும் கூட்டம் அன்று எதிர்த்து நின்றது. சில நாள் கலவரம் தொடர்ந்தது. அடுத்த ஆண்டு அதே தேதியில் ஊர்வலம் போனார்கள். ஜூன் மாதம் வானவில் கொடியோடு உலகம் முழுக்க நடக்கும் பேரணிகளுக்கு அதுதான் வேர். சென்னையில் முதல் பேரணி 2009இல் நடந்தது.

ராணிப்பேட்டை: என் மகள் தனக்குப் பெண்கள்மேல்தான் ஈர்ப்பு என்கிறாள். டாக்டரிடம் காட்டினால் சரியாகிவிடும் என்கிறார்கள் உறவினர்கள். வரலாறு கேட்கச் சொன்னீர்கள், நான் இதைக் கேட்கிறேன்.

தாராளமாகக் கேளுங்கள் அம்மா. இதற்குள்ளேயும் வரலாறு இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் சங்கம் ஒரு காலத்தில் இதை நோய்ப் பட்டியலில்தான் வைத்திருந்தது. ஃபிராங்க் காமெனி, பார்பரா கிட்டிங்ஸ் போன்ற உரிமைப் போராளிகள் அந்தச் சங்கத்தின் மாநாடுகளுக்கே போய் வாதாடினார்கள். 1972 மாநாட்டில் ஒரு மனநல மருத்துவர் முகமூடி போட்டு, குரலையும் மாற்றிக்கொண்டு மேடையேறி, நானும் தன்பாலீர்ப்பாளன், நானும் உங்களில் ஒருவன் என்று பேசினார். முகத்தைக் காட்டியிருந்தால் வேலை போயிருக்கும். அடுத்த ஆண்டே, 1973 டிசம்பரில், பட்டியலிலிருந்து நீக்கினார்கள். உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17இல் நீக்கியது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் இது நோயல்ல என்று 2018இல் அறிவித்தது.

எனவே சரிசெய்ய எதுவும் இல்லை. 'மாற்றிக்காட்டுகிறேன்' என்று சிகிச்சை தருவது மருத்துவருக்கு நடத்தைக் குற்றம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்துவிட்டது. அப்படி யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் மகள் உங்களிடம் வாய் திறந்து சொல்லியிருக்கிறாள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுங்கள்.

வேலூர், தோட்டப்பாளையம்: இந்த வரலாற்றில் நம்ம ஊருக்கு ஏதாவது இடம் உண்டா அக்கா?

உண்டு. 1986 பிப்ரவரியில் சென்னையைச் சேர்ந்த நிர்மலா என்ற இளம் மருத்துவர், பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், எச்.ஐ.வி. கிருமி இருக்கிறதா என்று பார்க்க, பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சென்னையில் பரிசோதிக்க வசதியில்லை. ஐஸ் பெட்டியில் வைத்து, இரவு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, சி.எம்.சி. ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின, அதாவது கிருமி இருப்பதைக் காட்டின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரிந்தது நம் வேலூரில்தான்.

இதற்கும் உரிமைப் போராட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். தடுப்பு வேலை என்றால் ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடமும் பேச வேண்டும், ஆணுறை கொடுக்க வேண்டும். ஆனால் 377 இருக்கும்போது அவர்கள் எப்படி முன்வருவார்கள்? டெல்லியில் எய்ட்ஸ் பாகுபாட்டை எதிர்த்த ஒரு இயக்கம், திகார் சிறையில் ஆணுறை மறுக்கப்பட்டதும், 1994இல் 377ஐ எதிர்த்து முதல் வழக்குப் போட்டது. அது விசாரணைக்கு வராமலே முடிந்துபோனது. 2001இல் எச்.ஐ.வி. தடுப்புப் பணி செய்துவந்த நாஸ் அறக்கட்டளை மறுபடி போட்டது. காதலைப் பற்றிக் கேட்கவே மறுத்த அதிகார அமைப்பு, நோயைப் பற்றிப் பேசியபோதுதான் காது கொடுத்தது. வருத்தமான உண்மை இது.

திருவண்ணாமலை: 377 ஒரு முறை நீங்கியது, திரும்ப வந்தது, மறுபடி நீங்கியது என்கிறார்கள். குழப்பமாக இருக்கிறது.

2009 ஜூலை 2இல் டெல்லி உயர் நீதிமன்றம், வயதுவந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் உறவு குற்றமல்ல என்றது. தீர்ப்பளித்த தலைமை நீதிபதி ஏ.பி. ஷா அதற்குமுன் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியாக இருந்தவர். 2013 டிசம்பர் 11இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பாதிக்கப்படுபவர்கள் மிகச் சிறு எண்ணிக்கையினர் என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னது. உரிமைக்குத் தலை எண்ணிக்கை எதற்கு? 2018 செப்டம்பர் 6இல் அதே உச்ச நீதிமன்றத்தின் அமர்வில் இருந்த ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அந்தத் தவறைத் திருத்தினார்கள். அந்த வழக்கின் முதல் மனுதாரர் நவ்தேஜ் ஜோஹர் ஒரு பரதநாட்டியக் கலைஞர். வரலாறு இந்த மக்களிடமும் அவர்கள் குடும்பங்களிடமும் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று நீதிபதி இந்து மல்ஹோத்ரா எழுதினார்.

ஆம்பூர்: 377 பெரும்பாலும் ஆண்களுக்கு எதிராகத்தான் பயன்பட்டது. பெண்கள் என்ன செய்தார்கள்?

நல்ல கேள்வி, அதிகம் பேர் கேட்காதது. சான் ஃபிரான்சிஸ்கோவில் 1955இலேயே பெண்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கிவிட்டார்கள். இங்கே, 1987இல் மத்தியப் பிரதேசத்தில் இரண்டு பெண் காவலர்கள் மாலை மாற்றிக்கொண்டார்கள். இருவருக்கும் வேலை போனது. 1998இல், இரண்டு பெண்களின் காதலைச் சொன்ன 'ஃபயர்' படம் ஓடிய திரையரங்குகள் தாக்கப்பட்டபோது, டெல்லியில் 'நாங்கள் இந்தியர்கள், லெஸ்பியன்கள்' என்ற அட்டையோடு பெண்கள் தெருவில் நின்றார்கள். அந்தத் துணிச்சலை இன்று நினைத்தாலும் பெருமையாக இருக்கிறது.

ஆனால் பெண்களுக்குச் சிறை பெரும்பாலும் வீடுதான். பெண் போய்விட்டால் 'கடத்தல்', 'காணவில்லை' என்று புகார், பிறகு போலீஸே பிடித்து வீட்டில் ஒப்படைப்பது. 377 போனதால் இது மாறிவிடவில்லை.

குடியாத்தம்: போன வருடங்களில் நம்ம பக்கத்து வழக்கு ஒன்று பெரிதாகப் பேசப்பட்டதே, அது என்ன?

சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே 22இல் தீர்ப்பளித்த ஆட்கொணர்வு மனு. முதல் எதிர்மனுதாரர் வேலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர். 25 வயதுப் பெண்ணைக் குடும்பத்தார் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று அவளுடைய துணைவி மனுப் போட்டார். பல காவல் நிலையங்களுக்குப் புகார் போயும் பலனில்லை. மனுவில்கூட தன்னை 'நெருங்கிய தோழி' என்றுதான் எழுதியிருந்தார். ஏன் அப்படி எழுதினார் என்பது புரிகிறது என்று நீதிபதிகளே சொன்னார்கள்.

நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அந்தப் பெண்ணிடம் நேரில் கேட்டார்கள். தான் லெஸ்பியன், மனுதாரரோடு போக விரும்புகிறேன், வீட்டில் அடித்தார்கள், மாற்றுவதற்காகச் சடங்குகள் செய்ய வைத்தார்கள் என்று சொன்னாள். அவளை விடுவித்தார்கள். குடும்பம் குறுக்கிடக் கூடாது, தேவைப்பட்டால் போலீஸ் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்றார்கள். காவல்துறையின் அக்கறையின்மையைக் கண்டித்தார்கள். திருமணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்றில்லை, தானே தேர்ந்துகொள்ளும் குடும்பமும் குடும்பம்தான் என்றும் எழுதினார்கள். தாயின் வேதனையையும் தள்ளிவிடவில்லை. எல்லாப் பெற்றோரும் லீலா சேத் ஆகிவிட முடியாது என்றார்கள். தன் மகனுக்காக வெளிப்படையாக எழுதிய முன்னாள் நீதிபதி அவர்.

போளூர்: அப்படியென்றால் கல்யாணம் செய்துகொள்ளலாமா?

சட்டப்படி இன்னும் முடியாது. 2023 அக்டோபர் 17இல் உச்ச நீதிமன்றம் அதை நாடாளுமன்றத்திடம் விட்டுவிட்டது. சேர்ந்து வாழத் தடையில்லை.

வாணியம்பாடி: நானும் என் தோழியும் மேஜர். வேறு ஊரில் சேர்ந்து இருக்கிறோம். வீட்டில் 'காணவில்லை' என்று புகார் கொடுத்தால் போலீஸ் எங்களைப் பிரித்துவிடுமா அக்கா?

பிரிக்க முடியாது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7இல் வழிகாட்டு நெறி வகுத்தார். இந்த உறவைத் தானே புரிந்துகொள்ள ஒரு உளவியலாளரிடம் அமர்ந்து பாடம் கேட்ட பிறகு எழுதிய தீர்ப்பு அது. 'காணவில்லை' புகாரை விசாரிக்கையில் இருவரும் வயதுவந்தவர்கள், சம்மதத்தோடுதான் இருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் புகாரை முடிக்க வேண்டும். அதன்பின் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளிலேயே துன்புறுத்தலுக்குத் தடை சேர்க்கப்பட்டது.

வயதுச் சான்றின் நகலை இருவரும் கையில் வைத்திருங்கள். சொந்த விருப்பத்தில் வந்தோம் என்று கையெழுத்திட்டு, இப்போது இருக்கும் ஊரின் காவல் நிலையத்துக்கும் உங்கள் மாவட்டக் கண்காணிப்பாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் வைத்துத் தருவார்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100 எண்ணுக்குப் பேசுங்கள்.