சினைப்பை நீர்க்கட்டிக்கு அறுவை சிகிச்சை தேவையா? – வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லை, எனக்கு வயது 28. கணவர் ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பார்க்கிறார். எனக்கு மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை. ஸ்கேனில் சினைப்பை நீர்க்கட்டி இருப்பதாகக் கூறி, கம்பத்தில் ஒரு மருத்துவர் நான்கு மாதங்கள் கருமுட்டை வளர்வதற்கான குளோமிபீன் மாத்திரை கொடுத்தார், பலன் இல்லை. இப்போது லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் அறுவை சிகிச்சை) செய்துகொள்ளச் சொல்கிறார். மாத்திரையிலேயே குணமாகாதா?
– வாசகி, வண்டன்மேடு

பதில்: அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிப்பதற்கு முன்பே உங்கள் கணவரின் விந்துப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மனைவிக்கு மயக்க மருந்து கொடுப்பது வரை வந்துவிட்ட பின்னும் கணவருக்கு இந்த எளிய சோதனையைச் செய்யாத குடும்பங்களை எங்கள் பக்கத்தில் இன்றும் காண்கிறோம். அது நியாயமே அல்ல. பூச்சிமருந்துகளுடன் நெடுங்காலம் புழங்குவது விந்தணுக்களைப் பாதிக்கக்கூடும் என்பதால், அவருடைய வேலையைப் பற்றியும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அடுத்து, மாத்திரைக்குப் பலன் இல்லை என்பதில் இரண்டு வகை உண்டு. மாத்திரை சாப்பிட்டும் கருமுட்டை வளரவில்லை என்றால், மருந்தின் அளவைக் கூட்டலாம் அல்லது லெட்ரோசோல் என்னும் மாத்திரைக்கு மாறலாம். 2014ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இதே கோளாறு உள்ள 750 பெண்களில், குளோமிபீன் எடுத்தவர்களில் 19.1 விழுக்காட்டினரும் லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 விழுக்காட்டினரும் குழந்தை பெற்றனர். லெட்ரோசோல் மார்பகப் புற்றுநோய்க்கும் தரப்படும் மருந்து என்பதால் மருந்துக்கடையில் யாரேனும் உங்களைப் பயமுறுத்தக்கூடும். நம் நாட்டில் 2011இல் குழந்தையின்மைச் சிகிச்சைக்கு இதைத் தடை செய்த அரசே 2017இல் அந்தத் தடையை நீக்கிவிட்டது.

மாறாக, முட்டை நன்றாக வளர்ந்து வெடித்தும் கரு தங்கவில்லை என்றால், மாத்திரையை மாற்றுவதால் பயனில்லை. கருக்குழாய்களில் அடைப்பு உண்டா என்று சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். உங்களுக்கு எது நேர்ந்தது என்பதை அந்த நான்கு மாதங்களில் எடுத்த முட்டை வளர்ச்சி ஸ்கேன் அறிக்கைகள் காட்டிவிடும். ஸ்கேனே எடுக்காமல் மாத்திரை மட்டும் தரப்பட்டிருந்தால், பலன் இல்லை என்ற முடிவுக்கு வருவதற்கே ஆதாரம் போதாது. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் மலையிறங்கிக் கம்பத்துக்குப் போக வேண்டியதில்லை. கட்டப்பனையில் எடுத்து, அறிக்கையை மட்டும் உங்கள் மருத்துவரிடம் காட்டலாம்.

உங்கள் சினைப்பையில் தெரிபவை, பாதி வளர்ச்சியில் நின்றுபோன முட்டைப்பைகளே. அவற்றை அறுத்து அகற்றுவதென்பது கிடையாது. லேப்ராஸ்கோப்பி மூலம் சினைப்பையில் சில இடங்களில் சுட்டுத் துளையிடும் முறை ஒன்று உண்டு. மாத்திரைகளுக்கு முட்டை வளராத சிலருக்கு அது உதவுகிறது. ஆனால் அளவு மீறினால் முட்டை இருப்பே குறையும், உள்ளே தசை ஒட்டிக்கொள்ளவும் வாய்ப்புண்டு என்பதால் நான் அதை முதல் வழியாகச் சொல்வதில்லை. கருக்குழாயில் நீர் கோத்திருப்பது, மாதவிலக்கின்போது கடும் வலி தரும் எண்டோமெட்ரியோசிஸ் போன்ற காரணங்கள் இருந்தால் நிலைமை வேறு. அப்போது அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவதுதான் தவறாகும். ஆகவே, எதைப் பார்க்க, எதைச் சரிசெய்ய இந்த லேப்ராஸ்கோப்பி என்று உங்கள் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு வெரிகோசீல் இருப்பதாக ஸ்கேனில் வந்துள்ளது. அறுவை சிகிச்சை செய்தால் குழந்தை பிறக்குமா? மனைவிக்கு வயது 36.
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: வெரிகோசீல் எனப்படும், விதைப்பைக்கு மேல் புடைத்த ரத்த நாளங்கள் மருத்துவரின் கைக்குத் தட்டுப்பட்டு, விந்தணுக்களின் எண்ணிக்கையோ அசைவோ குறைந்திருந்தால் அறுவை சிகிச்சை பயன்தரலாம்; ஸ்கேனில் மட்டும் தெரியும் சிறிய வெரிகோசீலுக்குத் தேவையில்லை. புதிய விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதங்கள் ஆவதால், பலன் தெரியக் குறைந்தது மூன்று மாதங்கள் காத்திருக்க வேண்டும். உங்கள் மனைவியின் வயதில் அந்தக் காத்திருப்பும் ஒரு செலவுதான். எனவே அவருடைய முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனையை இந்த மாதமே செய்துவிட்டு, பிறகு முடிவெடுங்கள்.