கேஸ் ஃபோர்க்லிஃப்ட்ல ஐஸ் கட்டுது, ஏன்?

கேள்வி: அண்ணே, பிறைல ஒரு கிடங்குல புதுசா புரோப்பேன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறேன். காலைல எடுத்தவுடனே லோடு தூக்குனா இஞ்சின் பக்கத்துல இருக்குற ரெகுலேட்டர் மேல வெள்ளையா ஐஸ் கட்டி வண்டி திணறி நின்னுருது, இந்த வெயில்ல எப்படிண்ணே ஐஸ்? அப்புறம், தோங் (கேஸ் சிலிண்டர்) தீர்ந்தா வீட்டு கேஸ் தோங்க மாட்டி ஓட்டலாம்னு கூட வேலை செய்றவரு சொல்றாரு, செய்யலாமா?
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தம்பி, ரெண்டாவதுக்கு மொதல்ல சொல்லிடுறேன், வேணவே வேணாம்பா. வீட்டு தோங் நிமிந்து நிக்கிறது, மேல தேங்குற ஆவி மட்டும்தான் அடுப்புக்கு வரும். ஃபோர்க்லிஃப்ட் தோங் படுத்துக்கிட்டே உள்ள இருக்குற குழாய் வழியா திரவத்தயே அனுப்பும். வீட்டு தோங்க படுக்க போட்டா சேஃப்டி வால்வு திரவத்துல முங்கிரும், ப்ரஷர் ஏறி அது திறந்தா திரவமாவே பீச்சி அடிக்கும், ஒரு லிட்டர் திரவம் 270 லிட்டர் ஆவியா விரியும், யோசிச்சு பாரு. உன் வண்டி தோங் மாட்டும்போதும் தாங்கியில இருக்குற பின்னு தோங் வளையத்து ஓட்டைல சரியா உக்காந்திருக்கான்னு பாரு, அப்பதான் சேஃப்டி வால்வு மேல் பக்கமா இருக்கும்.

இப்ப ஐஸ். ஊசி போடுறதுக்கு முன்ன ஸ்பிரிட் தடவுனா கை ஜில்லுன்னு ஆகுதில்ல, அதேதான். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரிலயே கொதிக்கிற சாமான், ரெகுலேட்டருக்குள்ள அது ஆவியாகும்போது சூட்டையெல்லாம் இழுத்துக்கும். அந்த சூட்ட குடுக்கத்தான் இஞ்சினோட சுடுதண்ணிய அதுக்குள்ள ஓட விட்டிருக்கான். தண்ணி கொறஞ்சாலோ ஹோஸ்ல காத்து அடச்சாலோ சூடு வராது, காத்துல இருக்குற ஈரம் அது மேல உறைஞ்சிரும், ஆவியாகாத கேஸ் இஞ்சினுக்கு போய் திணறும். அதனால இஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் தண்ணிய பாரு. ஓடுனப்புறம் ரெகுலேட்டருக்கு போற ரெண்டு ஹோஸையும் தொட்டுப் பாரு, ஒண்ணு சூடு ஒண்ணு ஜில்லுன்னா தண்ணி ஓடல, மெக்கானிக்க கூப்பிடு. ரெண்டும் சரின்னா காலைல கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு அப்புறம் லோடு தூக்கு.

தோங் மாத்தும்போது கையுறை போடாம தொடாத. நான் வேலைக்கு சேர்ந்த புதுசுல வெறுங்கையால ஹோஸ கழட்டி, வெள்ளையா ஒரு புகை, அவ்வளவுதான், மூணு வெரல் நுனியும் தீப்பட்ட மாதிரி கொப்புளிச்சிருச்சு. மொதல்ல தோங் வால்வ மூடி, இஞ்சின் தானா நிக்கிற வரைக்கும் ஓடவிட்டுட்டு அப்புறம் கழட்டு. இந்த கேஸ் காத்தவிட கனம், தரையோட ஊர்ந்து போகும், அதனால லோங்காங் (சாக்கடை) பக்கத்துல வண்டிய நிறுத்தாத.

கண்டெய்னருக்குள்ள ஓட்டும்போது தலை வலிச்சு கிறுகிறுன்னு வந்தா, அது வாசமே இல்லாத கார்பன் மோனாக்சைடா இருக்கலாம், உடனே இஞ்சின அணைச்சுட்டு வெளிய வந்து சூப்பர்வைசர்கிட்ட சொல்லிரு தம்பி.