நாயை அவிழ்க்கப் போனவருக்கு

கேள்வி: திருப்பூரில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காங்கேயம் பக்கம் அம்மா ஊருக்குப் போனால் தோட்டத்துக்குத் தோட்டம் நாய் கட்டிக்கிடக்கிறது. நிழலும் இல்லை, சட்டியில் தண்ணீரும் இல்லை. போன மாதம் மனசு கேட்காமல் ஒரு நாயை அவிழ்த்துவிட்டேன். தோட்டக்காரர் திட்டிய திட்டு அம்மா காதுவரை போய்விட்டது. தோழிகள் நாலு பேர் சேர்ந்து ஏதாவது செய்யலாம் என்றிருக்கிறோம். போலீஸில் புகார் கொடுக்கலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: திட்டியவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, சகோதரி. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் சுற்றுவட்டாரத்தில் பட்டிக்குள் நாய் புகுந்து ஆடுகளைக் கடித்துப் போட்டதும், இழப்பீடு கேட்டு விவசாயிகள் போராடியதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். நீங்கள் அவிழ்த்த நாய் பக்கத்துப் பட்டிக்கு ஓடியிருந்தால் அடித்தே போட்டிருப்பார்கள். வம்புக்குப் பயந்துதான் பலர் கட்டுகிறார்கள். கட்டியதோடு மறந்துவிடுகிறார்கள், அங்கேதான் தப்பு.

சட்டம் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி நாயை எந்நேரமும் கட்டிவைத்து நடமாடவே விடாமலிருப்பது குற்றம். முதல் தடவை அபராதம் ரூ.10 முதல் ரூ.50 வரை! அதைக் கட்டிவிட்டு வருகிறவர் மறுபடி உங்களைக் கிளுவை வேலிக்கு இந்தப்பக்கம் விடுவாரா? அடித்து நொறுக்குகிற, பட்டினி போடுகிற ஆளென்றால் புகார் கொடுங்கள். மற்றவர்களிடம் பேசுங்கள்.

நானும் உங்களைப் போலத்தான் ஆரம்பித்தேன். பல்லடம் பக்கம் ஒரு தென்னந்தோப்பு, மோட்டார் ரூம் ஓரத்தில் ஒரு செவலை நாய். தூரத்திலிருந்து கழுத்து முடி நனைந்திருப்பதாக நினைத்தேன். கிட்டே போனதும் வாடை சொல்லிவிட்டது. குட்டியில் கட்டிய நைலான் கயிறு, கழுத்து பெருத்தபின் சதைக்குள் இறங்கிப் புழு வைத்திருந்தது. சத்தம் போட்டேன், தோப்புக்காரர் படலைச் சாத்திவிட்டார். அடுத்த வாரம் போய், "ஏனுங்கண்ணா, இவன் பேரென்னங்க?" என்று மட்டும் கேட்டேன். "மணிங்க. எங்கப்பா இருக்கறப்ப புடிச்சாந்தது" என்று ஆரம்பித்தவர் அரை மணி நேரம் பேசினார். கால்நடை மருந்தக டாக்டர் கயிற்றை வெட்டியபோது மணியின் வாயைப் பிடித்துக்கொண்டதும் அவர்தான்.

அதனால் ஊரெல்லாம் சுற்றாதீர்கள். ஐந்து தோட்டம் போதும், வாராவாரம் அதே நேரத்துக்குப் போங்கள். கழுத்துப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழைகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு தென்னைக்கு நடுவே கம்பி இழுத்து, வளையம் கோத்து, அதில் சங்கிலியை மாட்டினால் நாய் நாலு எட்டு நடக்கும். சங்கிலி மரத்தில் சுற்றிக்கொள்ளாதபடி கம்பியின் இரு முனையிலும் ஒரு தடை வேண்டும். கிணற்றுமேட்டுப் பக்கம் மட்டும் கட்டவே கூடாது. உள்ளே தாவித் தொங்கிவிடும். தண்ணீருக்குப் பிளாஸ்டிக் கிண்ணம் வேண்டாம், கவிழ்த்துவிடும். பழைய மண்பானையைப் பாதி புதைத்துவையுங்கள். மேலே நாலு கீற்று போட அவரிடமே சொன்னால் போடுவார்.

உண்ணிக்குப் பயிர் மருந்தை ஊற்றுகிற பழக்கத்தை எப்பாடுபட்டாவது நிறுத்துங்கள். நாய் உடம்பை நக்கும், விஷம் உள்ளே போகும். புழுப்புண்ணில் மண்ணெண்ணெயும் வேண்டாம். அரசு கால்நடை மருந்தகத்தில் நாய்க்கும் வைத்தியம் உண்டு. நடமாடும் வண்டிக்கு எண் 1962.

படலைத் திறக்க வைக்கிற நல்ல சாக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி. மூன்று மாதக் குட்டிக்கு ஒன்று, பிறகு வருடந்தோறும். வீட்டில் பேரன் பேத்தி இருந்தால் யாரும் வேண்டாமென்று சொல்வதில்லை. நீங்கள் நாலு பேரும் டாக்டரைக் கேட்டு முன்தடுப்பு ஊசி போட்டுக்கொண்டே இறங்குங்கள். போட்டிருந்தாலும் நாய் கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரி. "நல்ல நாய்தானே" என்று உட்கார்ந்திருக்காதீர்கள். பெட்டை நாய்க்குக் கருத்தடை பற்றி நாலைந்து மாதம் பழகியபின் பேசலாம்.

இந்த ஞாயிறு, திட்டியவர் தோட்டத்துக்கே முதலில் போங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. கேட்காமல் அவிழ்த்தது தப்புதாங்க என்று சொல்லுங்கள். மோர் கொடுத்தால் குடியுங்கள். சங்கிலிப் பேச்சை அன்றைக்கு எடுக்கவே வேண்டாம்.