கணினி கேள்வி–பதில்: இன்வெர்ட்டர் இருந்தும் சர்வர் படுத்துக்கொள்வது ஏன்?

கேள்வி: பழைய ஐ5 கம்ப்யூட்டரில் ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டும் மென்பொருள்) போட்டு மூன்று விர்ச்சுவல் மெஷின் (மென்பொருளால் ஆன கம்ப்யூட்டர்) ஓட்டுறேனுங்க. போன மாதப் பராமரிப்பு மின்தடை முடிந்து பார்த்தால், டெபியன் (ஒரு லினக்ஸ் வகை) மெஷின் ஒன்று இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆகும்போது வரும் தொடக்கக் கட்டம்) என்று காட்டி நின்றுகொண்டது. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்குதுங்க. அது போதாதா?
– வாசகர், பல்லடம்

பதில்: போதாது. காலையில் போகும் கரண்ட் மாலையில்தான் வரும். இன்வெர்ட்டர் பேட்டரி நடுவில் தீர்ந்தால், அதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஆளில்லை. எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் நிற்கும். ஃபைல் சிஸ்டம் குழம்பும்.

முதலில் அந்த மெஷினை நிறுத்திய நிலையிலேயே ஒரு பேக்கப் எடுங்கள். பிறகு அதைத் தொடங்கி, திரையில் காட்டும் பார்ட்டிஷன் பெயரைக் கொடுத்து எஃப்எஸ்சிகே (ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் கட்டளை) ஓட்டி, எக்ஸிட் அடியுங்கள். பெரும்பாலும் எழுந்துவிடும்.

அடுத்து, யூஎஸ்பி போர்ட் உள்ள 600 விஏ யூபிஎஸ் ஒன்று வாங்குங்கள். விலை குறைந்த பலவற்றில் அந்த போர்ட் இருக்காது, பெட்டியைத் திருப்பிப் பார்த்தே வாங்குங்கள். அதை இன்வெர்ட்டர் லைனிலேயே செருகலாம், ஆனால் இன்வெர்ட்டர் சைன்வேவ் வகையாக இருக்க வேண்டும். ஸ்கொயர்வேவ் கரண்டைச் சில யூபிஎஸ்கள் ஏற்காமல் உடனே பேட்டரிக்குத் தாவிவிடும். இப்படிச் செருகினால் இன்வெர்ட்டர் தீரும்போதுதான் யூபிஎஸ் விழிக்கும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

யூஎஸ்பி கேபிளைச் செருகிவிட்டு, யூபிஎஸ் சொல்வதைக் கேட்டுக் கம்ப்யூட்டரை அணைக்கும் நட் (NUT) என்ற மென்பொருளை ப்ராக்ஸ்மாக்ஸ் ஹோஸ்ட்டிலேயே, அதாவது அசல் கம்ப்யூட்டரிலேயே, நிறுவுங்கள். விர்ச்சுவல் மெஷினுக்குள் நிறுவினால் அது மட்டும்தான் அணையும். பேட்டரி தீரப்போகிறது என்ற எச்சரிக்கை வரும்வரை காத்திருப்பது நட்டின் இயல்பு. பழைய பேட்டரியில் அது வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஆகவே நட்டின் யூபிஎஸ்ஷெட் (upssched) டைமரில் 120 விநாடி வைத்து, யூபிஎஸ் பேட்டரிக்கு மாறி அவ்வளவு நேரம் ஆனதும் ஷட்டவுனைத் தொடங்கச் செய்யுங்கள். 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, 60 வாட் இழுக்கும் கம்ப்யூட்டரை அதற்கு மேலும் தாராளமாகத் தாங்கும்.

ஒவ்வொரு மெஷினிலும் க்யூஇஎம்யூ கெஸ்ட் ஏஜென்ட் (ஹோஸ்ட் சொல்வதை மெஷினுக்குள் இருந்து கேட்கும் சிறு புரோகிராம்) போட்டு, ப்ராக்ஸ்மாக்ஸில் அந்த மெஷினின் ஆப்ஷன்ஸ் பகுதியிலும் இயக்குங்கள். உள்ளிருந்து ரீபூட் செய்தால் இது பிடிக்காது. முழுக்க அணைத்துத் திரும்பத் தொடங்க வேண்டும். அணைய மறுக்கும் மெஷினுக்காக ஹோஸ்ட் 180 விநாடி காத்துக் கிடக்கும், அத்தனையும் யூபிஎஸ் கணக்கில்தான் போகும். எல்லாம் முடிந்ததும் யூபிஎஸ்ஸின் சுவர் பிளக்கைப் பிடுங்கி ஒருமுறை சோதித்துவிடுங்கள். சோதிக்காத ஏற்பாட்டை நம்ப வேண்டாம்.

தறிக்கூடத்தை ஒட்டிய வீடென்றால் ஹீட்சிங்க்கில் பஞ்சு அடைத்திருக்கும். மாதம் ஒருமுறை ஊதுங்கள், ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு.

கேள்வி: ப்ராக்ஸ்மாக்ஸ் போட்ட 8 ஜிபி ரேம் கம்ப்யூட்டரில் பை-ஹோல் (விளம்பரத் தடுப்பான்), நெக்ஸ்ட்கிளவுட் (சொந்த ஃபைல் சேமிப்பகம்), பழக ஒரு டெபியன் மெஷின், மூன்றும் ஓடுங்களா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: ஓடும். முதல் இரண்டையும் எல்எக்ஸ்சி கன்டெய்னராக (விர்ச்சுவல் மெஷினைவிட இலகுவான வகை) வையுங்கள்: பை-ஹோலுக்கு 512 எம்பி, நெக்ஸ்ட்கிளவுடுக்கு 2 ஜிபி. டெபியன் மெஷினுக்கு 2 ஜிபி. மிச்சம் ஹோஸ்ட்டுக்கு. டிஸ்க்கைப் பொறுத்தவரை, இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் கேஷுக்கு ரேமைக் கேட்கும், இந்த அளவுக்கு எல்விஎம்-தின் என்ற சேமிப்பு வகை போதும்.