வீட்டிலேயே படிக்கும் பையனுக்குச் சிநேகிதர்கள் எங்கிருந்து வருவார்கள்?

அன்புள்ள அம்மா,

பெருந்துறைக்குப் பக்கத்தில் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறீர்கள். ஒன்பது வயதுப் பையனை மூன்றாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தி, நீங்களே பாடம் சொல்லிக்கொடுக்கிறீர்கள். பாடத்தில் குறையே இல்லை, கணக்கில் வயதுக்கு மேலேயே போகிறான். ஆனால் நோம்பிக்கு ஊருக்குள் போனால் உங்கள் முந்தானையை விட்டு நகர்வதில்லை. "நாலு பசங்களோட சேராம வளந்தா நாளைக்கு இவன் எப்படி அம்மிணி பொழைப்பான்?" என்று மாமியார் கேட்டதிலிருந்து தூக்கம் வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் படிக்கிற ஒரே காரணத்தால் எந்தக் குழந்தைக்கும் பழகத் தெரியாமல் போய்விடாது. பள்ளிக்குப் போகிற பையனுக்குச் சிநேகிதம் தானாக வாய்க்கிறது. வீட்டில் படிக்கிறவனுக்குப் பெற்றோர்தான் மெனக்கெட்டு வழி செய்ய வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்தவரை அது இன்னும் நடக்கவில்லை. உங்கள் மாமியார் கேட்டது நியாயமான கேள்வி.

அமெரிக்காவில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 1992இல் லாரி ஷையர்ஸ் என்பவர் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காக, உங்கள் பையன் வயதுப் பிள்ளைகளை, அதாவது எட்டிலிருந்து பத்து வயதுக்காரர்களை, விளையாட விட்டுக் கவனிக்கச் செய்தார். பாதிப் பேர் வீட்டில் படித்தவர்கள், பாதிப் பேர் பள்ளியில் படித்தவர்கள். யார் எந்த வகை என்பது கவனித்தவர்களுக்குத் தெரியாது. வீட்டில் படித்த பிள்ளைகளிடம்தான் அடிதடி, கூச்சல் போன்ற தொந்தரவுகள் குறைவாகத் தெரிந்தன. ரிச்சர்ட் மெட்லின் என்ற உளவியல் பேராசிரியர் 2000த்திலும் 2013இலும் இப்படிப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். வீட்டுக்கல்வியால் பழகும் திறன் கெடுகிறது என்று அவற்றில் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அந்த ஆய்வுகளில் பெரும்பாலும் தாமாக முன்வந்த குடும்பங்களே கலந்துகொண்டன. அங்கே வீட்டில் படிக்க வைக்கும் குடும்பங்கள் பல ஒன்றுசேர்ந்து, பிள்ளைகளை வாராவாரம் ஓரிடத்தில் கூட்டிவைத்துக் கற்பிக்கும் வழக்கமும் பரவலாக உண்டு. உங்களுக்கு அடுத்த சாளையே ரெண்டு காடு தள்ளி இருக்கிறது. கோயமுத்தூரில் அடுக்குமாடியில் இருக்கிற பையன் சாயங்காலம் கீழே இறங்கினால் பத்துப் பேர் இருப்பார்கள். உங்கள் பையன் வாசலில் இறங்கினால் தென்னை மரமும் ஆடு மாடும்தான். நம் பக்கத்தில் வீட்டுக்கல்வியைப் பற்றிக் கேட்கிறவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது பாடத்திட்டத்தை அல்ல, வீடு எங்கே இருக்கிறது என்பதைத்தான்.

பெரியவர்களிடம் அவன் நன்றாகப் பேசுகிறான், அப்புச்சியோடு சந்தைக்குப் போனால் வியாபாரிகளிடம் விலை கேட்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல விஷயம்தான். ஆனால் சம வயதுப் பிள்ளைகள் தருவதைப் பெரியவர்களால் தர முடியாது. ழான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து உளவியலாளர் சிறுவர்கள் கோலிக்குண்டு விளையாடுவதை உட்கார்ந்து கவனித்து, அதைப் பற்றி 1932இல் எழுதினார். பெரியவர் சொல்லும் விதிக்குக் குழந்தை கீழ்ப்படிகிறது. தன்னையொத்தவர்களோடு விளையாடும்போதுதான், விதி என்பது நாமே பேசி வைத்துக்கொள்வது, எல்லோரும் ஒப்புக்கொண்டால் மாற்றலாம், ஏமாற்றினால் ஆட்டத்துக்கு ஆள் கிடைக்காது என்பதெல்லாம் அதற்குப் பிடிபடுகிறது. அப்புச்சி பேரனுக்கு விட்டுக்கொடுத்துத் தோற்பார். பக்கத்து வீட்டுப் பையன் தோற்கமாட்டான். சண்டை வரும், ரெண்டு நாள் பேச்சு இருக்காது, மூன்றாம் நாள் யாராவது ஒருவன் முதலில் பேசியாக வேண்டும். அந்த முதல் பேச்சை எப்படிப் பேசுவது என்பதை எந்தப் பாடப் புத்தகத்திலும் நீங்கள் கற்றுக்கொடுக்க முடியாது. நாளைக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியிலோ கோவையில் ஒரு பவுண்டரியிலோ அவன் வேலைக்குச் சேர்ந்தால், பிடிக்காத மேற்பார்வையாளரோடும் ஒத்துவராத கூட்டாளியோடும் நாள் முழுக்க நிற்கத் தேவைப்படுவது இந்தப் பழக்கம்தான்.

"மாமன் மகன், சித்தி பிள்ளைகள் எல்லாம் வருகிறார்களே, போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அதற்கு ஒரு காரணத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன். பங்காளி வீடு, மாமன் வீடு, குலதெய்வக் கோயில், சீர் என்று சொந்தபந்தத்துக்குள்ளேயே வளர்கிற குழந்தை ஒரே சாதிக்குள் வளர்கிறது. நம் ஊர்களில் பிள்ளைகள் சாதி பார்க்காமல் தோளோடு தோள் உரசி உட்காரும் இடம் பள்ளிக்கூடத்து பெஞ்சு ஒன்றுதான் என்று இன்றைக்கும் பல கிராமங்களைப் பற்றிச் சொல்ல முடியும். அங்கிருந்து குழந்தையை வெளியே கொண்டுவரும் பெற்றோர் அந்த இழப்பை வேறு எங்காவது ஈடு செய்தே ஆக வேண்டும். வீட்டுக்கல்வியில் எனக்கு இருக்கிற பெரிய கவலை இதுதான்.

எங்கே தேடுவது? ஒருநாள் முகாம், ஒருநாள் சுற்றுலா எல்லாம் உதவாது. அதே முகங்களை வாரத்தில் மூன்று நான்கு நாள் பார்க்க வேண்டும். பஞ்சாயத்து மைதானத்தில் கபடியோ வாலிபாலோ ஆடும் குழு இருந்தால் அதுவே முதல் தேர்வு. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றத்தில் ஐந்து முதல் பதினாறு வயது வரையிலான பிள்ளைகள் பாட்டு, நடனம், ஓவியம் கற்கிறார்கள். வள்ளி கதையைப் பாடிக் கும்மியடித்து ஆடும் வள்ளி கும்மியும் நல்ல வழி. மேட்டுப்பாளையம் பக்கத்து பத்ரப்பன் ஐயாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்ததே, அந்தக் கலைதான். சிறுசும் பெருசுமாக மாலை நேரத்தில் கூடி ஆடிப் பழகுகிறார்கள். ஆனால் சில குழுக்களில் ஒரே சாதிக்காரர்களே இருப்பார்கள், சேர்க்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கே சேர்த்தாலும் கொண்டுபோய் விட்டுவிட்டு நீங்கள் தள்ளிப் போய்விடுங்கள். ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால், ஒவ்வொரு சண்டைக்கும் அவன் உங்கள் முகத்தைத்தான் திரும்பிப் பார்ப்பான்.

கூச்சத்தையும் தனிமையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கூச்ச சுபாவம் குறையே இல்லை. ஒரே ஒரு சிநேகிதன் இருந்து, அவனைப் பார்க்க வேண்டும் என்று தானாகக் கேட்கிறான் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. மூன்று நான்கு மாதம் ஒழுங்காகப் போய்வந்த பிறகும் ஒருவன் பெயரைக்கூட வீட்டில் சொல்லவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, எதிரில் இருப்பவரின் முகம் பார்த்துப் பேசுவதில்லை என்றால், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கவனிக்க அரசு மருத்துவமனையில் இயங்கும் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்தில் காட்டிவிடுங்கள். பிறந்த குழந்தையிலிருந்து பதினெட்டு வயது வரை அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள்.

ஆறாம் வகுப்பு வயதை ஒரு கெடுவாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். பதினோரு வயதுக்கு மேல் பிள்ளைகள் பெற்றோரைவிடச் சிநேகிதர்களைத் தேடும் பருவம் தொடங்குகிறது. இன்னொரு காரணமும் உண்டு. மருத்துவம், பொறியியல் சேர்க்கையில் தமிழ்நாடு அரசு தரும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. ஆறாம் வகுப்பையும் வீட்டிலேயே படித்தால் அந்த வாய்ப்பு போய்விடும். திரும்பிச் சேர்ப்பதில் சட்டச் சிக்கல் இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, பதினான்கு வயதுக்குள் இருக்கும் குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. மீறினால் இன்ன தண்டனை என்று அதில் இல்லை. பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு ஆசிரியர்கள் வந்தால் மறைக்காதீர்கள், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

தொடர்ந்து வீட்டில்தான் என்று முடிவு செய்தால், பன்னிரண்டரை வயது நிறைந்ததும் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். பதினான்கு வயது நிறைந்தபின், வீட்டிலிருந்தே படித்துத் தேர்வெழுத வழிசெய்யும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் (NIOS) பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். அந்தச் சான்றிதழை அவன் சேர விரும்பும் கல்லூரி ஏற்கிறதா என்பதைப் பதிவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒன்றைக் காணோம். பள்ளியை விட்டு ஏன் நிறுத்தினீர்கள் என்று எழுதவில்லை. அங்கே யாராவது அவனை அடித்தார்களா, கேலி செய்தார்களா? அப்படியானால் முந்தானையை விடாததற்கு வீட்டுக்கல்வி காரணமாக இருக்காது, நான் சொல்ல வேண்டிய யோசனையும் வேறு. அவனிடம் பக்குவமாகக் கேட்டு எனக்கு எழுதுங்கள். அடுத்த ஜூனுக்கு இன்னும் காலம் இருக்கிறது. அதற்குள் உங்கள் ஊர் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியரை ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள், பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.